நிலக்கடலையும் வேர் உட்பூசணமும்

நிலக்கடலையின் வேருக்குள் வாழ்ந்து, மண்ணிலுள்ள மணிச்சத்தை (பாசுபரசு) அதற்கு எடுத்துக் கொடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை வேர் உட்பூசணம் ஆகும். உழவர்கள் இதனை 'வேம்' என்பர். பூஞ்சையும் வேரும் இணைந்த இவ்வமைப்புக்கு 1885-இல் 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டவர் செருமானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு பிராங்க்.

தேவை

மாப்பிள்ளையூரணியை அடுத்த தூத்துக்குடித் துறைமுகத்தில் பாறைப் பாசுபேட்டு கப்பல்களில் வந்திறங்குகிறது. அதிலிருந்து டி.ஏ.பி. போன்ற உரங்கள் தயாராகின்றன. இவ்வாறு விலை கொடுத்து வாங்கி இடும் மணிச்சத்து முழுவதும் பயிருக்குக் கிடைப்பதில்லை. செம்மண்ணில் இரும்புடனும் கரிசல் மண்ணில் சுண்ணாம்புடனும் சேர்ந்து, அதன் பெரும்பகுதி எளிதில் கரையாத நிலையை அடைகிறது. மேலும், மணிச்சத்து மண்ணில் மிக மெதுவாகவே நகரும். எனவே வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் பகுதியில் அது விரைவில் தீர்ந்துவிடுகிறது. நிலக்கடலைக்கு வேர்த்தூவிகள் மிகக் குறைவு என்பதால் இப்பயிருக்குப் பூசணத்தின் துணை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

செயல்படும் விதம்

பூசண இழைகள் வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தொலைவு வரை பரவி, மணிச்சத்து, துத்தநாகம் ஆகியவற்றை உறிஞ்சுகின்றன. வேர்ச் செல்லுக்குள் சிறு மரம்போல் கிளைத்த பகுதியில் பண்டமாற்று நடக்கிறது. பூசணம் சத்துகளைத் தருகிறது. செடி ஒளிச்சேர்க்கையில் செய்த சர்க்கரையையும் கொழுப்பையும் தருகிறது.

செடியைப் பிடுங்கினால் வேரில் தெரியும் முடிச்சுகள் இப்பூசணம் அல்ல. அவை காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தும் ரைசோபியம் பாக்டீரியாவால் உண்டானவை. பூசணத்தைக் காண வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முடிச்சுகள் நன்கு வேலை செய்ய மணிச்சத்து தேவை. ஆகவே பூசணம் மணிச்சத்தைக் கொண்டுவரும்போது தழைச்சத்தும் கூடுகிறது.

பயன்படுத்தும் முறை

இப்பூசணம் உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. எனவே மக்காச்சோளம் போன்ற செடிகளின் வேரில் வளர்த்து, வேர்த்துண்டுகளும் வித்துகளும் கலந்த மண்ணாகத் தருகின்றனர். எரிசக்தி மற்றும் வள ஆய்வு நிறுவனம் (டெரி) கேரட் வேர்களில் இதனைப் பெருக்கும் முறையை உருவாக்கியுள்ளது. இளவேர் தொடும்படி, விதைக்குச் சற்றுக் கீழே இதனை இட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* மணிச்சத்து உரம் மிகுந்தால் பூசணம் வேரில் குறைவாகவே பரவும்.
* சில ஊடுருவும் பூஞ்சைக்கொல்லிகள் இதனையும் பாதிக்கும்.
* கடுகு, முட்டைக்கோசு குடும்பப் பயிர்களில் இது வளராது.
* நிலத்தை நெடுநாள் தரிசாக விட்டால் இதன் எண்ணிக்கை குறையும்.

பூசணம் மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. மண்ணில் இருப்பதையே எடுத்துத் தருகிறது. எனவே மண் பரிசோதனை செய்து, அதன் முடிவுக்கேற்ப உர அளவை முடிவு செய்வதே முறையாகும்.