காளிக்குக் கை காயுது!

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் தசராவுக்கு இன்னும் கொடி ஏறவில்லை. படம் எடுக்கப் போகிற எனக்கோ திருவிழா எப்போதோ தொடங்கிவிட்டது! விழாப் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: கடற்கரை மணல் தெரியாத கூட்டம், நாக்கை நீட்டிய காளிகள், விஜயதசமி நள்ளிரவில் சாய்கிற மகிஷாசுரன் தலை. அந்த நள்ளிரவுக்கு முன்னால் ஊருக்குள் என்னென்ன நடக்கிறது என்பதில்தான் என் மனசு கிடக்கிறது.

இங்கே வேஷம் என்பது நேர்த்திக்கடன். நோய் தீர்ந்தது, பிள்ளை பிறந்தது, கடன் அடைந்தது என்று ஆளுக்கொரு வேண்டுதல். மாலை போட்டு விரதம் இருந்து, கொடி ஏறியபின் கோயிலில் காப்புக் கட்டி, அதற்கப்புறம்தான் வேஷம். ராஜா, ராணி, போலீஸ், குரங்கு, கரடி என்று விதவிதமாகப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் காணிக்கை பிரித்து, அம்மன் உண்டியலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காளி வேஷத்துக்கு விரதம் ரொம்பக் கடுமை. 41 நாள், 48 நாள் இருப்பவர்கள் உண்டு. இதைக் கேட்ட அன்றே, விழா நடக்கிற பத்து நாளை மட்டும் எடுக்கிற திட்டத்தைக் கிழித்துப் போட்டேன். கதை மாலை போட்ட அன்றைக்கே தொடங்கிவிடுகிறதே!

அதனால்தான் உடன்குடிப் பக்கம் வேஷச் சாமான் செய்கிற பட்டறைக்குள் முதலில் நுழைந்தேன். அடடா! கொடியில் துணி காய்வதுபோல் வரிசையாகக் காளியின் கைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் கிரீடங்கள், இன்னொரு மூலையில் சடைமுடி. தரையில் விரித்த தாளில் நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல். பசை வாசனையும் பெயின்ட் வாசனையும் மூக்கைத் துளைக்கிறது. ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் ஜிகினா பட்டுப் பட்டென்று மின்னுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் படம்!

“அண்ணாச்சி, படம் எடுத்துக்கிடட்டா?”

“எடுக்கது இருக்கட்டும் தம்பி, மொதல்ல இந்தக் கிரீடத்தத் தூக்கிப் பாரும்.”

தூக்கினேன். மணிக்கட்டு இறங்கியது.

“ராத்திரி பூரா இதத் தலையில வச்சுத்தான் ஆடுவாவ.”

அந்த ஒரு வார்த்தை போதும், என் பட்டியலே மாறிவிட்டது. முகத்துக்கு முன் கழுத்து. கிரீடத்துக்கு அடியில் சுற்றுகிற சும்மாட்டுத் துணி. எட்டுக் கைகளையும் முதுகோடு சேர்த்து இழுத்துக் கட்டுகிற கயிறு, அது தோளில் பதிக்கிற தடம். காளியைச் சுமக்கிற உடம்பைக் காட்டாமல் காளியை மட்டும் காட்டினால் அது பாதிப் படம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இனி பையைத் திறக்கிறேன், எட்டிப் பாருங்கள். இரண்டு கேமரா, ஒன்றில் 35 மி.மீ. லென்ஸ், இன்னொன்றில் 85. கடற்கரை மணலில் லென்ஸைக் கழற்றுகிற பேச்சே கிடையாது. இரண்டின் கடிகாரமும் நொடி பிசகாமல் ஒன்றாக ஓடணும், இல்லாவிட்டால் பிறகு படங்களை வரிசைப்படுத்த முடியாது. உப்புக் காற்றுக்கு முன்கண்ணாடியில் ஃபில்டர். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும், ஆகவே பை முன்கூட்டியே திண்ணைக்கு வந்துவிடும்.

பிறகு சீரியல் செட்! கோயில் வாசலில் ஒளி கொட்டும். ஆனால் நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, பல விளக்குகள் 100 தடவை மினுங்கும். ஷட்டர் அதிவேகமாக ஓடினால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும். அதனால் 1/100, இல்லையென்றால் 1/50. ஆடுகிற கால் கலங்குமே என்றால், கலங்கட்டும். கண் நின்றால் போதும். ஃபிளாஷ் வீட்டிலேயே இருக்கும். அருள் வந்து நிற்கிற மனுஷர் முகத்தில் வெளிச்சம் அடிக்க எனக்கு மனசு வராது.

இதையெல்லாம்விட நேரம் பிடித்த வேலை ஒன்று உண்டு: கேமரா இல்லாமல் போய் உட்கார்வது. காளி வேஷம் போடப் போகிற ஒருவர் குடிசையில், அவரே பொங்குகிற ஒருவேளைச் சோறு வேகும்வரை பேசிக்கொண்டிருந்தேன். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். எழுதலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். எழுதமாட்டேன். ஆனால் முகத்துக்குச் சாயம் பூசத் தொடங்குகிற அந்தக் காலை நேரத்தில் பக்கத்தில் இருக்கச் சம்மதித்துவிட்டார். இதைவிட வேறென்ன வேண்டும்!

சம்ஹார இரவுக்கும் இடம் பார்த்தாயிற்று. அன்று வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள், நடைதான். சுமை குறைய வேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் இன்னொரு குஷி. விஜயதசமி என்றால் வளர்பிறைத் தசமி. நிலா நள்ளிரவில் மேற்கே சரிந்திருக்கும், கடலோ கிழக்கே. சம்ஹாரம் முடிந்து ஊரைப் பார்த்து மணலில் உட்கார்கிறவர்கள் முகத்தில் நிலா நேராக விழும்! மழை மேகம் மட்டும் மறைக்காமல் இருக்கணும் தாயே.

மறுநாளையும் விடப்போவதில்லை. காப்பு அவிழ்த்து, சாயம் கழுவி, கிரீடம் ஒரு சாக்கில், எட்டுக் கைகளும் இன்னொரு சாக்கில் என்று பஸ்ஸேறுகிறவர்கள் எத்தனை பேர்! பக்கத்து சீட்டு எனக்குக் கிடைக்க வேண்டும். அதற்கென்று ஒரு மெமரி கார்டைத் தனியாக எடுத்து வைத்தாயிற்று!