நிரலாக்கமும் நற்சிந்தனையும்

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அதனைக் கையாள்வோரின் கருத்துத் தெளிவே பயனை முடிவு செய்கிறது. கணிப்பொறிக்கும் இவ்விதி பொருந்தும். ஒரு நொடியில் கோடிக்கணக்கான செயல்களை முடிக்கும் அக்கருவி, இட்ட ஆணையை மட்டுமே நிறைவேற்றும். ஆணை பிழையாயின் பிழையையும் அதே விரைவில் செய்து முடிக்கும். அவ்வாணைகளின் கோவையையே நிரல் என்கிறோம்.

நிரல்களை மனப்பாடம் செய்து ஆய்வகத் தேர்வில் எழுதிவிட்டு, கணக்கைச் சற்றே மாற்றிக் கேட்டால் திகைத்து நிற்கும் மாணவர் பலர். இஃது ஆங்கிலம் நன்கு அறிந்தோர்க்கே உரிய துறை என்றெண்ணித் தமிழ்வழி பயின்றோர் ஒதுங்கி நிற்பதும் உண்டு. இவ்விரு நிலைகளும் ஒரே மயக்கத்தின் விளைவுகளாம். நிரலாக்கம் என்பது கணிப்பொறி மொழியை அறிதல் மட்டுமே என்பதே அம்மயக்கம். மொழி பின்னர் வருவது. சிந்தனையே முன்னர் வருவது. இதனைச் சில சான்றுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பிறப்பு

ஒரு கணக்கைத் தீர்ப்பதற்குரிய ஐயமற்ற படிமுறையை அல்காரிதம் என்பர். இச்சொல் ஓர் அறிஞரின் பெயரிலிருந்து பிறந்தது. கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீபா மஅமூன் காலத்தில், பக்தாது நகரில் வாழ்ந்த முகம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மியே அவர். இந்திய எண்முறை பற்றி அவர் எழுதிய நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீன் மொழிக்குச் சென்றபோது, அவர் பெயர் இலத்தீன் ஒலிக்கேற்பத் திரிந்து, நாளடைவில் கணக்கிடும் முறைக்கே பெயராயிற்று. அல்ஜீப்ரா என்னும் சொல்லும் அவரது மற்றொரு நூலின் தலைப்பில் உள்ள அல்ஜப்ர் என்பதிலிருந்து வந்ததே.

அந்நூலை அவர் வெறும் அறிவு விளையாட்டாக எழுதவில்லை. வாரிசுரிமைப் பங்கீடு, மரண சாசனம், வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகிய வாழ்க்கைத் தேவைகளையே கருத்திற் கொண்டார். நூலின் பெரும்பகுதி மரண சாசனப் பங்கீட்டுக் கணக்குகளாக அமைந்திருத்தல் குறிப்பிடத்தக்கது.

அவர் காட்டும் கணக்கு ஒன்றை ஈண்டு நோக்குவோம். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது, அவ்வெண் யாது? பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதனோடு 39 கூட்ட 64. அதன் வர்க்கமூலம் 8. அதில் 5 கழிக்க 3. இதுவே விடை. ஒன்பதும் முப்பதும் சேர்ந்து 39 ஆதலைக் காண்க. குறியீடு ஏதுமின்றி, சொற்களாலேயே அமைந்த படிமுறை இது. இத்தகைய கணக்குகளை அவர் ஆறு வகையாகப் பகுத்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வழி வகுத்தார். கணக்கைக் கண்டவுடன் விடைக்கு விரையாமல், இஃது எவ்வகையைச் சார்ந்தது என வினவுவதே நற்சிந்தனையின் முதற்படியாகும்.

வினாவைப் படித்தல்

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹவ் டு சால்வ் இட்’ என்னும் நூலில், கணக்கைப் புரிந்துகொள்ளல், திட்டமிடல், செயற்படுத்தல், மீளநோக்கல் என நான்கு நிலைகளைக் கூறினார். இவற்றுள் முதலாவதையும் நான்காவதையும் மாணவர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

தமிழ் கற்பிப்போர்க்கு இதில் என்ன பங்கு எனச் சிலர் வினவலாம். செய்யுளைச் சொற்பிரித்து, எது எதனோடு முடிகிறது என்று கண்டு, பின்னரே உரை வகுக்கும் பயிற்சி நம்முடையது. கொடுக்கப்பட்டவை எவை, கேட்கப்படுவது எது, சொல்லாமல் விடப்பட்டது எது எனப் பிரித்துக் காணும் நிரலாளரும் அப்பயிற்சியையே மேற்கொள்கிறார். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரமே அமைந்திருப்பது நாம் அறிந்ததே.

வழி இரண்டு, விடை ஒன்று

1071 சென்டிமீட்டர் நீளமும் 462 சென்டிமீட்டர் அகலமும் உடைய ஒரு கூடத்திற்கு, வெட்டாமல் பதிக்கத்தக்க மிகப்பெரிய சதுரக்கல் யாது? 462இல் தொடங்கி, 461, 460 என ஒவ்வொன்றாக இறங்கி, இரு அளவுகளையும் மீதியின்றி வகுக்கிறதா எனச் சோதிப்பது ஒரு வழி. இவ்வழியில் 442ஆவது சோதனையில் விடை கிட்டும்.

கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் காட்டிய வழி வேறு. பெரிய எண்ணைச் சிறியதால் வகுத்து, மீதியைக் கொண்டு சிறியதை வகுத்துச் செல்க என்கிறது அது. 1071ஐ 462ஆல் வகுக்க மீதி 147. 462ஐ 147ஆல் வகுக்க மீதி 21. 147ஐ 21ஆல் வகுக்க மீதி இல்லை. மூன்றே வகுத்தல்களில் 21 சென்டிமீட்டர் என்னும் விடை வந்துவிடுகிறது. விரைவான பொறியை வாங்கியதால் வந்த பயனன்று இது. இரு எண்களையும் வகுக்கும் எண், அவற்றின் மீதியையும் வகுத்தே தீரும் என்ற உண்மையைக் கண்டதால் வந்த பயனாகும்.

அகரவரிசையின் ஆற்றல்

நம் முன்னோர் நிகண்டுகளைப் பொருள்வகையாகத் தொகுத்துச் செய்யுளாக இயற்றினர். மனப்பாடம் செய்வோர்க்கு அவை பொருந்தின; தேடுவோர்க்கு எளிதாயில்லை. வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்தது தேடுதலை எளிதாக்கிய பெரும்பணியாகும்.

ஓர் இலட்சம் சொற்கள் வரிசையின்றிக் கிடப்பின், ஒரு சொல்லைக் காண ஓர் இலட்சம் முறையும் ஒப்பிட நேரலாம். அவை அகரவரிசையில் இருப்பின், நடுச்சொல்லைப் பார்த்து, நாம் தேடுவது அதற்கு முன்னா பின்னா எனக் கண்டு, ஒரு பாதியை ஒதுக்கிவிடலாம். எஞ்சியதையும் அவ்வாறே பாதியாக்கிச் சென்றால் 17 ஒப்பீடுகளுக்குள் தேடல் முடிந்துவிடும். சொற்கள் இரு மடங்காயினும் கூடுவது ஒரே ஓர் ஒப்பீடுதான். ஆனால் வரிசைப்படுத்தவும் உழைப்பு வேண்டும். ஒரே முறை தேடுவதற்காக அனைத்தையும் வரிசைப்படுத்துதல் வீண். பன்முறை தேடுவதாயின் அவ்வுழைப்புப் பயன் தரும். எது சிக்கனம் என்பதைத் தேவையே முடிவு செய்கிறது.

கூறியது கூறல்

நூற்குற்றங்களுள் ஒன்றாக நன்னூல் கூறியது கூறலைச் சுட்டுகிறது. நிரலுக்கும் இது பெருங்குற்றமே. 1, 1, 2, 3, 5, 8 என, முன்னிரண்டின் கூட்டுத்தொகையாக அடுத்த எண் வளரும் தொடரைக் கொள்வோம். இதன் 40ஆம் எண்ணைக் காண, 39ஆம் எண்ணையும் 38ஆம் எண்ணையும் தனித்தனியே கேட்டு, அவை ஒவ்வொன்றும் தத்தம் முன்னிரண்டை மீண்டும் கேட்குமாறு நிரலை எழுதினால், கேள்விகள் 20 கோடியைத் தாண்டும். கண்ட விடையை நினைவில் இருத்திக்கொண்டு முன்னேறினால் 38 கூட்டல்கள் போதும். முன்னதில் கணிப்பொறி தான் கண்ட விடையையே மீண்டும் மீண்டும் கண்டுகொண்டிருக்கிறது.

விரைவினும் செம்மை முற்பட்டது

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மேற்கூறிய பாதியாக்கித் தேடும் முறை எளிதாகத் தோன்றினும், ஜாவா மொழியின் நூலகத்திலேயே அதில் ஒரு பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மறைந்து கிடந்தது. அப்பகுதியை எழுதிய ஜோஷுவா பிளாக் என்பாரே 2006ஆம் ஆண்டில் அதனை வெளிப்படுத்தினார். நடுவிடத்தைக் காண இரு எல்லை எண்களையும் கூட்டிப் பாதியாக்குகிறோம். அக்கூட்டுத்தொகை, அவ்வகை எண்ணுக்குரிய மேல் எல்லையாகிய 2,14,74,83,647ஐக் கடந்தால் எதிர்மறை எண்ணாக மாறிவிடுகிறது. பட்டியல் 100 கோடியைத் தாண்டும்போதுதான் இப்பிழை தலைகாட்டும். எல்லைகளின் வேறுபாட்டைப் பாதியாக்கிக் கீழெல்லையோடு கூட்டுவதே திருத்தம். போல்யா கூறிய மீளநோக்கல் ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பட்டியல் வெறுமையாயின் என்னாகும், ஒன்றே இருப்பின் என்னாகும், மிகப் பெரிதாயின் என்னாகும் என வினவும் பழக்கம் வேண்டும்.

மற்றொன்று, சுருக்கத்தின்மேல் கொள்ளும் அளவுகடந்த விருப்பம். சுருங்கச் சொல்லல் அழகெனக் கூறிய நன்னூல், விளங்கவைத்தலையும் அழகென்றே கூறிற்று. சில நொடிகளை மிச்சப்படுத்த எழுதிய நிரலைப் புரிந்துகொள்ளப் பிறர் பல நாள் உழைக்க நேரின், அது சிக்கனமாகாது. நிரலின் எப்பகுதியில் நேரம் செலவாகிறது என்பதை அளந்தறிந்து, அப்பகுதியை மட்டும் திருத்துவதே அறிவுடைமை.

இன்றைய தேவை

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் நிரலை எழுதித் தருகின்றன. இனி நாம் எதற்குச் சிந்திக்க வேண்டும் என்னும் வினா எழுவது இயல்பே. எனினும், எதைக் கேட்பது, கிடைத்தது சரியா, இரண்டனுள் எது நன்று எனத் தீர்மானிக்கும் பொறுப்பு மனிதரிடமே உள்ளது. மருத்துவமனையிலும் வங்கியிலும் இயங்கும் நிரலில் பிழை நேர்ந்தால், அதன் துன்பத்தைச் சுமப்பவர் கருவியல்லர், மக்களே. மனப்பாட நிரல்களை மட்டுமே கையிருப்பாகக் கொண்டவர் அக்கருவியோடு போட்டியிட இயலாது. சிந்திக்கக் கற்றவரோ அதனைத் தம் ஏவலுக்கு உட்படுத்துவர்.

எனவே மாணவச் செல்வங்களே, விசைப்பலகையைத் தொடுமுன் தாளும் எழுதுகோலும் எடுங்கள். வினாவைத் தாய்மொழியில் உங்கள் சொற்களால் எழுதுங்கள். சிறிய எண்களைக் கொண்டு கையாலேயே செய்து பாருங்கள். ஒரு வழி கிடைத்தபின் மற்றொரு வழி உண்டா எனத் தேடுங்கள். நிரல் இயங்கிவிட்டது என மகிழ்ந்து நின்றுவிடாமல், அஃது எங்கே தவறக்கூடும் எனச் சோதியுங்கள். பேராசிரியப் பெருமக்களும் விடைக்கு மட்டுமன்றி, விடையை நாடிச் சென்ற வழிக்கும் மதிப்பெண் வழங்குவாராக. வீட்டில் பெரியோரும், எத்தனை கணிப்பொறி மொழிகள் கற்றாய் எனக் கேட்பதோடு, இன்று எந்தக் கணக்கை எவ்வாறு தீர்த்தாய் எனவும் கேட்பாராக. அக்கேள்வி வீடுதோறும் ஒலிக்குமாயின், நம் பிள்ளைகள் எழுதும் நிரல்கள் நாட்டுக்கு நற்பயன் விளைக்கும் என்பது திண்ணம்.