முகமூடியில் வாழும் மூதன்னை

மேனாட்டுப் பொருட்காட்சிச் சாலைகள் ஆப்பிரிக்கக் கலைச்செல்வங்களுள் பெரிதும் விரும்பிச் சேர்த்தவற்றில் சோக்வே மக்களின் முகமூடிகளும் அடங்கும். இம்மக்கள் அங்கோலாவின் வடகிழக்கிலும், காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்மேற்கிலும், ஸாம்பியாவின் வடமேற்கிலும் பரவி வாழ்கின்றனர். இடையே ஓடும் எல்லைக்கோடுகள் ஐரோப்பியர் இட்டவை.

அவர்களுடைய பழங்கதை ஒரு திருமணத்தில் தொடங்குகிறது. லுண்டா நாட்டு அரசி லுவேஜி, லூபா நாட்டிலிருந்து வந்த வேட்டுவ இளவரசன் சிபிந்தா இலுங்காவை மணந்து, ஆட்சிக்குரிய காப்பை அவன் கையில் ஒப்புவித்தாள். அதைப் பொறாத உடன்பிறந்தார் தம் பரிவாரத்துடன் நாட்டைத் துறந்து சென்றனர். அவ்வாறு பிரிந்து போந்த லுண்டா அரச மரபினரின் வழிவந்தோர் எனச் சோக்வே தலைவர்கள் தம்மைக் கூறிக்கொள்வர். ஆயினும் அந்த இலுங்காவையே சோக்வே சிற்பிகள் நாகரிகத்தின் தலைவனாகக் கொண்டு, வேட்டுவக் கோலத்தில் அழகுறச் செதுக்கினர்! அச்சிலைகளுள் துப்பாக்கி ஏந்தியவையும் உண்டு.

துப்பாக்கிக்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானைத் தந்தம், தேன்மெழுகு, பின்னர் ரப்பர் ஆகியவற்றின் வாணிகத்தால் சோக்வேயர் செழித்தனர். அடிமை வாணிகத்திலும் அவர்களுக்குப் பங்கிருந்தது. லுண்டா வேந்தனுக்குத் திறை செலுத்தியவர்கள், 1880-களில் அவனுடைய தலைநகரையே சூறையாடினர். ஆனால் காலனி ஆட்சி விரைவில் இரு சாராரையும் அடக்கியது.

இனி முகமூடிக்கு வருவோம். நம் மொழியில் அச்சொல் மறைப்பதைக் குறிக்கும். சோக்வே மொழியில் வழங்கும் ‘முகிஷி’ என்பதோ முன்னோரின் ஆவியையும், அதைத் தாங்கி ஆடும் உருவையும் ஒருங்கே குறிக்கும். முகமூடி என்று நாம் பெயர்ப்பது பொருந்தாப் பெயர்ப்பே. வேறு சொல் இல்லாமையால் வழங்குகிறோம்.

சிறுவர்க்கு விருத்தசேதனம் செய்து, ஊருக்குப் புறம்பான பாசறையில் வைத்து, ஆண்மகனுக்குரிய அறிவைப் புகட்டும் சடங்குக்கு ‘முகண்டா’ என்று பெயர். அதற்குக் காவலாகத் தோன்றும் சிகுன்ஸா உயர்ந்த கூர்முடி உடையது. குச்சிகளால் சட்டம் கட்டி, மரப்பட்டைத் துணி போர்த்தி, கரிய பிசின் பூசிச் செய்யப்படுவது. சடங்கு முடிந்தபின் இத்தகைய முகமூடிகளைப் பாசறையுடன் எரித்துவிடுவது வழக்கம்.

இவற்றினும் புகழ் பெற்றது மரத்தில் செதுக்கப்படும் ‘புவோ’. புவோ என்றால் பெண். சோக்வேயர் தாய்வழி மரபினர். எனவே குலத்தைத் தோற்றுவித்த மூதன்னையே இம்முகம். பாதி மூடிய விழிகள், நெற்றியில் சிலுவை போன்ற அணி, கண்களின் கீழ்க் கண்ணீர்த் தாரை போன்ற கோடுகள் ஆகியவற்றால் இதனை எளிதில் அறியலாம். அழகால் பெயர் பெற்ற ஒரு பெண்ணின் முகத்தைச் சிற்பி உற்றுநோக்கியே செதுக்குவான். இதனை அணிந்து பெண்மைக்குரிய நளினத்துடன் ஆடுபவன் ஆடவனே. அவன் முகமூடியைப் பெறுகையில் சிற்பிக்கு ஓர் உலோக வளையம் அளிப்பான், அது பரிசம். ஆடுபவன் இறந்தால் புவோவையும் புதைத்துவிடுவது பழைய முறை.

எரிக்கவும் புதைக்கவும் வேண்டியவை கண்ணாடிப் பேழைகளுக்குள் நிற்பதைக் குறை என்பதா, பேறு என்பதா? அவை நிற்பதாலன்றோ நாம் அறிகிறோம் என்பாரும் உண்டு. ஆனால் எங்கே நிற்பது என்ற வினா எஞ்சுகிறது. அங்கோலாவின் டுண்டோ நகரில் 1936-இல் ஒரு காட்சிச்சாலை அமைந்தது. நிறுவியது ஒரு வைரக் கம்பெனி. அதன் சுரங்கங்களில் அந்நாட்டு மக்கள் கட்டாய உழைப்புக்கு உட்பட்டிருந்தனர். 1975 முதல் 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் அங்கிருந்த கலைப்பொருள்கள் பல களவாகி ஐரோப்பியச் சந்தையை அடைந்தன. இரண்டு புவோ முகங்களும் ஒரு சிலையும் 2016-இல் தாயகம் மீண்டன.

நம் இல்லத்தரசிகள் எந்த ஊரில் குடியேறினும் வாயிலில் இடும் புள்ளிக்கோலத்துக்கு உறவானதொரு கலையும் சோக்வேயரிடம் உண்டு. மணலில் புள்ளிகள் வைத்து, விரல் எடுக்காமல் அவற்றைச் சுற்றி வளைத்திடும் அக்கோலத்துக்குச் ‘சோனா’ என்று பெயர். கணித அறிஞர் பவுலுஸ் கெர்டெஸ் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளார். யுனெஸ்கோ 2023-இல் சோனாவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வேற்றுமை ஒன்றுண்டு: அங்கே கோலமிடுவோர் ஆடவர், இழுக்கும் கோட்டுடன் ஒரு கதையும் சொல்லிக்கொண்டே இடுவர்.