கியர் விழலையா? லீவரை விடுங்க, புரொப்பெல்லரைத் திருப்புங்க

இன்னிக்கு மரக்காணம் பக்கம் போறோம். உப்பளத்தைப் பத்தி இல்ல, ஆனா உப்பு வரும். விஷயம், ஃபைபர் போட்டுக்குப் பின்னாடி தொங்குற சின்ன அவுட்போர்டு மோட்டார். அதோட கியர் இறுகிப்போனா என்ன பண்றது?

"நான் வேளச்சேரில இருக்கேன், எனக்கெதுக்கு போட்டு இன்ஜின்?"னு நினைக்காதீங்க. பைக் ஓட்டுறவங்களுக்கு இதுல பாதி ஏற்கெனவே தெரியும்.

முதல்ல ஒண்ணு. இந்தக் கரையோரக் குப்பங்கள்ல போட்டை நேரா மணல்லயே ஏத்துவாங்க. அலை உடையுற இடத்தைத் தாண்டி வரும்போது இன்ஜினைக் குறைச்சு, நியூட்ரல் போட்டு, மோட்டாரைத் தூக்கிடணும். அந்த நேரம் இடுப்பளவு தண்ணியில ஆளுங்க போட்டைப் பிடிக்க நிப்பாங்க. லீவர் முன் கியர்லயே சிக்கிக்கிச்சுன்னா, அவங்க கால்களுக்கு நடுவுல புரொப்பெல்லர் சுத்தும். சரி, இன்ஜினை அணைச்சுடலாமேன்னா, அலைக்கு நடுவுல இன்ஜின் இல்லாத போட்டு குறுக்க திரும்பி விழும். அதனால கியர் இறுக்கம்ங்கிறது "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" வகை ரிப்பேர் இல்ல.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். இன்ஜின் மேல இருக்கு. அதுல இருந்து நீளமான ஒரு தண்டு செங்குத்தா கீழ இறங்குது. அடியில புரொப்பெல்லருக்கு முன்னாடி இருக்கிற கியர் பெட்டியில அந்தத் தண்டு நுனியில ஒரு சின்னப் பல்சக்கரம். அது எதிரெதிரா இருக்கிற ரெண்டு பெரிய பல்சக்கரங்களை ஒரே நேரத்துல சுத்திவிடும். ஒண்ணு இடமா சுத்துனா இன்னொண்ணு வலமா சுத்தும். இன்ஜின் ஓடுற வரைக்கும் ரெண்டுமே சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். புரொப்பெல்லர் தண்டு மேல, அந்த ரெண்டுக்கும் நடுவுல, 'டாக் கிளட்ச்'னு ஒரு துண்டு முன்னும் பின்னும் நகரும். ரெண்டு பக்கமும் அதுக்குப் பற்கள் உண்டு. முன்னாடி போய்ப் பிடிச்சா போட்டு முன்னாடி போகும், பின்னாடி பிடிச்சா பின்னாடி. நடுவுல நின்னா நியூட்ரல். நீங்க இழுக்குற லீவர், ஷிஃப்ட் ராடுன்னு ஒரு கம்பியை மேலயும் கீழயும் நகர்த்தி இந்தத் துண்டைத் தள்ளுது. கதை அவ்வளவுதான்.

பேருல கிளட்ச் இருக்கே தவிர, உங்க பைக்ல கையால பிடிக்கிற கிளட்ச் மாதிரி வழுக்கிப் பிடிக்கிற தட்டு எதுவும் இதுல இல்ல. பல்லும் பல்லும் நேரா மோதிக் கோத்துக்கும். அதனாலதான் 'மெதுவா மாத்துனா இன்ஜினுக்கு நல்லது'ங்கிறது இங்க தப்பு. இன்ஜின் வேகத்தைக் குறைச்சுட்டு, லீவரை ஒரே அடியில சட்டுனு போடணும். தயங்கித் தயங்கிப் போட்டா 'கரகர'ன்னு பல் முனை தேயும்.

நிறுத்தி வெச்ச பைக்ல கியர் மாத்திப் பாத்திருக்கீங்களா? விழாது. வண்டியை லேசா முன்னாடி பின்னாடி ஆட்டுனா 'டக்'குனு விழும். உள்ள பல்லுக்கு நேரா பல்லு நின்னுக்கிட்டு இருந்திருக்கும். இங்கயும் அதே கதை. கரையில அணைச்சு வெச்ச மோட்டார்ல "கியர் இறுகிடுச்சு"ன்னு வர்ற புகார்ல இதுவும் ஒரு காரணம். லீவரை லேசா அழுத்திக்கிட்டே புரொப்பெல்லரைக் கையால மெல்லத் திருப்புங்க. ஆனா அதுக்கு முன்னாடி இன்ஜினை அணைக்கிற கில் ஸ்விட்ச் கயிறையும், ஸ்பார்க் பிளக் தொப்பியையும் கழட்டி வெச்சிடணும். கியர் விழுந்த நிலையில புரொப்பெல்லரைத் திருப்புனா இன்ஜினும் சேர்ந்து சுத்தும். விரல் நம்மளோடது. ஆக்ஸிலேட்டர் பிடியையும் குறைஞ்ச வேகத்துக்குத் திருப்பிடுங்க, அது கூடுதலா இருந்தா லீவரை நகரவே விடாத அமைப்பு நிறைய மோட்டார்ல உண்டு.

இதுக்கும் அசையலன்னா? இங்கதான் பெருமுக்கல் வருது. திண்டிவனம்–மரக்காணம் ரோட்டுல, மலை மேல சிவன் கோயில் இருக்கிற ஊர். கடல் கண்ணுக்கே தெரியாது. அங்க ஒரு மெக்கானிக் அண்ணன் ஷெட்ல, பம்ப்செட்டுக்கு நடுவுல ஒரு போட்டு மோட்டார் ஸ்டாண்டுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மழை மாசம் முழுக்கக் கரையில சும்மா கிடந்த மோட்டார். யாரோ லீவர்ல இரும்பு பைப்பைச் சொருகி இழுத்திருக்காங்க, லீவர் வளைஞ்சிருந்துச்சு. "ஏண்ணே, கடலோரத்துலயே மெக்கானிக் இருக்காங்களே, இது ஏன் இங்க வந்துச்சு?"ன்னு கேட்டேன். "இங்க தண்ணி நல்ல தண்ணி தம்பி"ன்னார். அப்ப எனக்குப் புரியல.

அவர் லீவரைத் தொடவே இல்ல. மூடியைத் திறந்து, லீவரும் ஷிஃப்ட் ராடும் சேருற இணைப்பை மட்டும் கழட்டினார். இப்ப லீவரைத் தனியா ஆட்டிப் பாக்கணும். லீவர் லேசா ஆடுச்சுன்னா பிரச்சினை கீழ, கியர் பெட்டியில. லீவரே ஆடலன்னா பிரச்சினை மேல. எனக்கு இந்த ஒரு சோதனைதான் மொத்த வேலையிலயும் ரொம்பப் பிடிச்சது. ஒரு ஸ்பானர், ரெண்டு நிமிஷம், சந்தேகம் பாதியா குறைஞ்சிடுது. பைப்பைப் போட்டு இழுத்தவர் இதைச் செஞ்சிருந்தா லீவர் தப்பிச்சிருக்கும்.

அந்த மோட்டார்ல பிரச்சினை மேலதான். லீவர் தண்டு நுழையுற அலுமினியத் துளை முழுக்க வெள்ளையா மாவு பூத்திருந்துச்சு. பாதி உப்பு, பாதி அலுமினியம் அரிச்ச தூள். நான் ஸ்ப்ரே ஆயில் டப்பாவை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி ஓரமா வெச்சுட்டு அடுப்புல தண்ணி வெச்சார். உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும்! எட்டாங்கிளாஸ் பாடம். உப்பு மேல எண்ணெய் விட்டா, எண்ணெய்ப் பூச்சு உப்பைப் பத்திரமா பொத்தி வெச்சுக்கும். சுடுதண்ணிக்கு இன்னொரு வேலையும் இருக்கு. எஃகை விட அலுமினியம் அதிகம் விரியும், துளை ஒரு நூலளவு தளர்ந்து குடுக்கும். பெட்ரோல் டியூப் பக்கத்துல இருக்கிறதால நெருப்பைக் காட்டக் கூடாது.

கடல் தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அது காஞ்சா அத்தனையும் அங்கயே தங்கும், உப்பளத்துல நடக்குறதும் அதேதான். அதுக்கு மேல உப்புக் கரிக்கிற போர் தண்ணியை ஊத்திக் கழுவுனா கூட்டல்தானே தவிர கழித்தல் இல்ல. அண்ணன் ஊத்துறதுக்கு முன்னாடி தண்ணியைத் தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தார். நல்ல தண்ணின்னா என்னன்னு அப்பத்தான் விளங்குச்சு.

மூணு நாலு தடவை சுடுதண்ணி, துடைச்சுக் காயவிட்டு அப்புறம்தான் ஸ்ப்ரே. கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கால் இஞ்சு முன்னாடி, கால் இஞ்சு பின்னாடின்னு ஆட்டி ஆட்டித் தளர்த்தினார். தண்டை உருவி, மெல்லிய எமரித்தாள்ல தேய்ச்சு, கடல் தண்ணிக்கான கிரீஸ் தடவித் திரும்பப் போட்டார். அரை நாள் வேலை. அதுல முக்கால்வாசி காத்திருக்கிறதுதான்.

பிரச்சினை கீழ இருந்தா கதை வேற. முதல்ல கியர் ஆயிலை இறக்கிப் பாக்கணும். பால் கலந்த டீ மாதிரி வந்தா தண்ணி உள்ள போயிருக்கு. வலை நூலோ தூண்டில் நரம்போ புரொப்பெல்லர் தண்டுல சுத்தி, ரப்பர் சீலை அறுத்திருக்க வாய்ப்பு உண்டு. இரும்புச் சில்லு வந்தா பல் உடைஞ்சிருக்கு. அதுக்கு மேல வீட்டுல கை வைக்காதீங்க. சீல் மாத்தி, காத்தழுத்தம் குடுத்து ஒழுகுதான்னு சோதிக்கிற ஆள்கிட்டயே குடுங்க. ஆயில் ஊத்தும்போது அடித் துளை வழியா, மேல் துளையில வழியுற வரைக்கும் ஏத்தணும். மேல இருந்து ஊத்துனா காத்து உள்ள அடைச்சுக்கும்.

சின்ன ஒரு கிளைக்கதை. 1909ல ஓலே எவின்ரூட் அமெரிக்காவுல விக்க ஆரம்பிச்ச அவுட்போர்டுல கியர் மாத்துற வசதியே கிடையாது. நம்ம ஊர் லாங்டெயில் இன்ஜின்கள்லயும் பெரும்பாலும் கியர் இல்ல. நீளத் தண்டைத் தண்ணிக்கு மேல தூக்கிட்டா அதுதான் நியூட்ரல். இறுகிப்போக ஒண்ணும் இல்லங்கிறது அதுல ஒரு வசதி.

வேலை முடிஞ்சதும் நேரா கடலுக்குக் கொண்டு போகாதீங்க. பெரிய டிரம்ல தண்ணி நிரப்பி, மோட்டாரை இறக்கி, குறைஞ்ச வேகத்துல ஓடவிடுங்க. முன், நியூட்ரல், பின்னு ஒரு பத்து தடவை மாத்திப் பாருங்க. அப்புறம் அணைச்சு, பிளக் தொப்பியைக் கழட்டிட்டு, நியூட்ரல்ல புரொப்பெல்லரைக் கையால சுத்துங்க. ரெண்டு பக்கமும் தடையில்லாம சுத்தணும். ஒரு பக்கம் லேசா 'டிக் டிக்'குன்னு தட்டுச்சுன்னா ராடோட நீளம் சரியா அமையல, அந்த இணைப்பைத் திரும்பக் கழட்டி ஒரு சுத்து திருகிப் பாக்கணும்.