வலம் திருப்பினால் இடம் சாயும் விமானம்

2018 நவம்பர் 11. போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்கு அருகே, அல்வெர்கா விமானதளத்திலிருந்து ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் 190 ஜெட் கிளம்பியது. பெரிய பராமரிப்பு முடிந்து கஜகஸ்தானுக்குத் திரும்பும் பயணம். பயணிகள் இல்லை, மூன்று விமானிகள், மூன்று தொழில்நுட்பப் பணியாளர்கள் மட்டும். மேலெழுந்த உடனேயே விமானம் சொல்பேச்சு கேட்க மறுத்தது. நிமிர்த்த நிமிர்த்த இன்னும் புரண்டது. சுற்றிலும் மழைமேகம்.

இறக்கை நுனியை ஒட்டி, பின்விளிம்பில் இருக்கும் அசையும் பலகைதான் எய்லரான். ஒரு பக்கம் அது எழும்போது மறுபக்கம் தாழும். எழுந்த பக்கமாக விமானம் சாயும். இந்த விமானத்தில் அதை இயக்கும் கேபிள்களைப் பராமரிப்பின்போது இடம்வலம் மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். ஆனால் சாய்வுக்குத் துணைநிற்கும் ஸ்பாய்லர்கள் சரியாகவே வேலை செய்தன. ஒன்று வலம் இழுக்க, மற்றொன்று இடம் இழுத்தது. கட்டுப்பாடு முழுக்கத் தலைகீழாக இருந்திருந்தால்கூட விமானிகளுக்குச் சீக்கிரம் பிடிபட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

கடலில் இறக்கிவிடுகிறோம், திசை சொல்லுங்கள் என்று விமானிகள் தரைக்கட்டுப்பாட்டிடம் கேட்டார்கள். சொன்ன திசையில் பறக்கவே முடியவில்லை. உடனிருந்த பணியாளர்களோடு கலந்து பேசி, கணினியின் குறுக்கீட்டை விலக்கும் நேரடி முறைக்கு மாற்றினார்கள். கொஞ்சம் பிடி கிடைத்தது. கோளாறு எய்லரானில் என்று புரிந்ததும், அதை இயன்றவரை அசைக்காமல் பறந்தார்கள். விமானப்படையின் இரண்டு எஃப்-16கள் துணைவர, தெற்கே பேஜா தளத்தில் மூன்றாவது முயற்சியில் இறங்கினார்கள். குறிவைத்தது வலது ஓடுபாதை. இறங்கியது இடது ஓடுபாதை. ஆறு பேரும் பிழைத்தார்கள்.

அந்தத் திறமைக்குத் தலைவணங்கலாம். ஆனால் என்னை உறுத்துவது அதற்கு முந்தைய 11 நாட்கள். இந்த விமானம் புறப்படக் கூடாது என்ற எச்சரிக்கை பராமரிப்பின்போதே திரையில் வந்திருந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் உதவியோடு அத்தனை நாளும் காரணம் தேடியும், கேபிள் மாறியிருப்பதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. புறப்படும் முன் விமானிகள் செய்த சோதனையிலும் அது தப்பியது. பலகை அசைகிறதா என்று பார்ப்பது பாதிச் சோதனைதான். எந்தப் பக்கம் அசைகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

2001 மார்ச்சில் பிராங்க்பர்ட்டிலும் இதே கதை. பராமரிப்புக்குப் பின், ஒரு லுஃப்தான்சா ஏ320 விமானத்தில் கேப்டனின் கைப்பிடிக்கான மின்கம்பிகள் மாறியிருந்தன. கிளம்பியதும் இடப்பக்கம் சாய, அவர் வலம் தள்ளினார்; சாய்வு கூடியது. இறக்கை நுனி தரையைத் தொடாமல் நூலிழையில் தப்பியது. துணை விமானியின் கைப்பிடி சரியாக இருந்ததால், அவர் ஒரு பொத்தானை அழுத்திக் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். அல்வெர்காவில் கிளம்பியவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பழுது கிடந்தது கைப்பிடியில் அல்ல, இறக்கைக்குப் போகும் கேபிளில்.