உங்கள் அகப்பக்கம் உழைக்கிறதா?

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. வாணிபம் செய்வோர்க்கு இதைவிடச் சிறந்த அறிவுரை வேறில்லை. இன்று நம்மவர்களில் பலர் தங்கள் தொழிலுக்கென்று அகப்பக்கம் வைத்திருக்கிறார்கள். முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் குடும்ப மாதர், பூமாலை கட்டுவோர், சேலைக் கடைக்காரர், விருந்துச் சமையல் செய்வோர் என்று பட்டியல் நீளும். அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் அதை அமைத்துவிட்டு, "அகப்பக்கம் போட்டும் வியாபாரம் இல்லையே!" என்று மனம் சோர்ந்து போகிறவர்களும் உண்டு. சோர்வதற்கு முன் குறை எங்கே என்று அளந்து பார்க்க வேண்டாமா?

வருகை வேறு, வரவு வேறு

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால்மரம் வெட்டுவோர் கொண்டுவரும் பாலை நிறுப்பதோடு கணக்கு முடிவதில்லை. அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்றும் பார்ப்பார்கள். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே! அகப்பக்கத்திற்கும் இதே கணக்குத்தான். மாதம் 500 பேர் வந்து பார்த்தார்கள் என்பது பாலின் எடை. அவர்களுள் எத்தனை பேர் பொருள் வாங்கினார்கள் என்பதே ரப்பர். 500 பேரில் 5 பேர் வாங்கினால் நூற்றுக்கு ஒருவர். அதை இருவராக்கிவிட்டால், விளம்பரத்துக்குக் கூடுதலாகச் செலவிடாமலே விற்பனை இரட்டிப்பாகும்.

வந்தவர் கணக்கைக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்னும் இலவசக் கருவி தரும். வாங்கியவர் கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நீங்களே எழுதி வாருங்கள். அழைப்பவரிடம், "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

காத்திருக்க யாருக்குப் பொறுமை?

வந்தவர் வாங்காமல் திரும்புவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று தாமதம். கைப்பேசியில் பக்கம் திறக்க 3 வினாடிக்கு மேலானால் நூற்றுக்கு 53 வருகைகள் பாதியிலேயே கைவிடப்படுகின்றன என்று கூகுள் நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் அறிவித்தது. தொடர்பு மெலிந்த தோட்டப்புறத்திலிருந்து பார்க்கும் வாடிக்கையாளரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

வேகத்தை அளக்க, பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. உங்கள் அகப்பக்க முகவரியைக் கொடுத்தால் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். 90-உம் அதற்கு மேலும் நன்று; 50-க்குக் கீழே என்றால் மோசம். கைப்பேசிக்கும் கணினிக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. கைப்பேசிக்குரியதை முதலில் பாருங்கள்.

மாணவனின் மொத்த மதிப்பெண் மட்டும் தெரிந்தால், எந்தப் பாடத்தில் பின்தங்கினான் என்பது தெரியாதல்லவா? இங்கே கவனிக்க வேண்டிய பாடங்கள் மூன்று:

1. பக்கத்தின் முக்கியமான படமோ எழுத்தோ கண்ணுக்குத் தெரிய எடுக்கும் நேரம். இது 2.5 வினாடிக்குள் இருக்க வேண்டும்.

2. பொத்தானைத் தொட்டபின் பக்கம் பதிலளிக்க எடுக்கும் நேரம். இது 200 மில்லி வினாடிக்குள், அதாவது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்.

3. படித்துக்கொண்டிருக்கும்போதே எழுத்தும் படமும் இடம் மாறிக் குதிக்கும் அளவு. இது 0.1-க்குள் அடங்க வேண்டும்.

சுமையை இறக்குங்கள்

கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றே 3 அல்லது 4 மெகாபைட் இருக்கும். அதை அப்படியே ஏற்றுவதுதான் பல பக்கங்கள் நகராமல் நிற்பதற்குக் காரணம். படத்தின் அகலத்தை 1,200 புள்ளிகளுக்குள் குறைத்து, வெப்பி என்னும் படிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் 200 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். படத்தின் நீள அகலத்தை முன்கூட்டியே குறித்துவிட்டால் பக்கமும் குதிக்காது. தானே ஓடும் காணொளி, பயன்படாத இணைப்பு நிரல்கள் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள்.

வேகம் மட்டும் போதாது. விலை, தொலைபேசி எண், எந்த ஊர்களுக்கு அனுப்புவீர்கள் என்ற விவரம் ஆகியவை தேடாமலே கண்ணில் பட வேண்டும். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கடைக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "2 கிலோ முறுக்கு வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு, வாய் திறவாமல் அருகே அமருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் குறை!

பொறுமை வேண்டும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றித் தேதியைக் குறித்து வைத்து, நான்கு வாரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். தீபாவளி மாத விற்பனையைச் சென்ற ஆண்டுத் தீபாவளி மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். சாதாரண மாதத்தோடு அல்ல.

"பழையது உதவாது, புதிதாக அமைத்துத் தருகிறோம்" என்று யாரேனும் ஆயிரக்கணக்கில் விலை பேசினால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இவற்றில் எதை எவ்வளவு சீராக்கித் தருவீர்கள்?" என்று கேளுங்கள். கணக்குத் தெரிந்தவரை ஏமாற்றுவது எளிதன்று.