கிட்னி மாற்று சிகிச்சை: ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் போகும் மாதங்கள் ஏன் முக்கியம்?

நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிறீர்கள். அப்பா, அம்மா அந்தமானில், 2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் மின்னி பே பகுதியில். ஒருநாள் போனில் அம்மா சொல்கிறார்: "அப்பாவுக்குக் கிரியேட்டினின் ஏறிட்டே போகுதாம். மெயின்லேண்டுக்குப் போய்ப் பாருங்கன்னு டாக்டர் சொல்றாருப்பா."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தத் தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அவர்களில் பலருக்கு 'பெரிய ஆஸ்பத்திரி' என்றால் அது சென்னையில்தான் இருக்கிறது.

இந்த போனுக்குப் பிறகு நம்மில் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் சக்சஸ் ஆகுமா?" பெரும்பாலும் ஆகும். நீண்டகாலத் தரவுகள் ஒழுங்காக இருக்கும் அமெரிக்காவில், உயிருடன் இருப்பவர் தரும் கிட்னிகளில் 100-க்கு 97 வரை ஓராண்டு கழித்தும் வேலை செய்கின்றன. மூளைச்சாவு அடைந்தவரிடம் பெறப்படும் கிட்னி என்றால் சுமார் 93. இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "எப்போது கிளம்ப வேண்டும்?"

ஒரே கொடையாளி, இரண்டு கிட்னி

2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இரண்டு கிட்னிகளும் பொதுவாக இரண்டு வேறு ஆட்களுக்குப் போகும். அப்படி ஒரே கொடையாளியிடமிருந்து கிட்னி பெற்ற 2,400-க்கும் மேற்பட்ட ஜோடிகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கிட்னியின் தரம் ஒன்றுதான். வித்தியாசம், பெற்றவர்கள் அதற்கு முன் எவ்வளவு காலம் டயாலிசிஸில் இருந்தார்கள் என்பதில்.

ஆறு மாதத்துக்குக் குறைவாக டயாலிசிஸில் இருந்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு 10 ஆண்டு கழித்தும் கிட்னி வேலை செய்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தவர்களில் 29 சதவீதம்.

இந்த இடைவெளி முழுவதற்கும் டயாலிசிஸ்தான் காரணம் என்று சொல்ல முடியாது. சீக்கிரம் கிட்னி கிடைத்தவர்களிடம் பணமும் காப்பீடும் அதிகம் இருந்திருக்கலாம். ஆனாலும் காத்திருப்பு உடம்பை மாற்றுகிறது. இதயமும் ரத்தக்குழாய்களும் சேதமடைகின்றன. அடிக்கடி ரத்தம் ஏற்றினால் அயல் திசுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாகி, பொருந்தும் கிட்னி கிடைப்பதே கடினமாகிவிடும். அதனால்தான் டயாலிசிஸ் தேவைப்படும் என்று எதிர்பார்க்கும் காலத்துக்கு 6 முதல் 12 மாதம் முன்பே மாற்று சிகிச்சை மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது கேடிகோ என்ற சர்வதேச வழிகாட்டுதல். "முதல்ல டயாலிசிஸ் போட்டுப் பார்ப்போம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில்தான் இந்த மாதங்கள் கரைகின்றன.

பட்டியலில் பெயர், கடலுக்கு அப்பால் ஆள்

2023 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு முட்டுக்கட்டையை நீக்கியது. மூளைச்சாவு உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்ய, அந்த மாநிலத்தில் குடியிருப்புச் சான்று காட்டத் தேவையில்லை என்றது. 65 வயது உச்சவரம்பும் போனது. அந்தமான் வருவதே சென்னையில் இயங்கும் தென்மண்டல உறுப்பு மாற்று அமைப்பான ரோட்டோவின் எல்லைக்குள்தான்.

காகிதத்தில் தடை இல்லை. ஆனால் எடுத்த கிட்னியைப் பனிக்கட்டியில் அதிகபட்சம் 24 முதல் 36 மணி நேரம் வைத்திருக்கலாம். நேரம் கூடக்கூட, பொருத்திய கிட்னி உடனே வேலை தொடங்காமல் சில நாள் டயாலிசிஸ் தேவைப்படும் ஆபத்து ஏறும். விமானத்தில் சென்னை இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அடுத்த விமானம் எப்போது, அதில் சீட் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கப்பல் என்றால் சுமார் மூன்று நாள். எனவே பட்டியலில் மேலே வரும்போது சென்னையில் ஒரு வீடு பார்த்துத் தங்கும் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

35 ரத்தப் பரிசோதனைகள்

கிட்னி பொருத்திய முதல் வாரம் தினமும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். முதல் மாதம் முடியும்வரை வாரம் 2, 3 முறை. அடுத்த இரண்டு மாதம் வாரம் ஒருமுறை. ஆறாவது மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. கூட்டிப் பார்த்தேன்: ஓராண்டில் சுமார் 35. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்துக்குள். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வதன் அர்த்தம் இதுதான். கிட்னியை உடல் நிராகரிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. ரத்தத்தில்தான் முதலில் தெரியும்.

கிரியேட்டினினை எங்கும் பார்க்கலாம். டாக்ரோலிமஸ் அளவு அப்படியல்ல. நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் இந்த மாத்திரையை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ரத்த மாதிரியைக் காலை டோஸுக்கு முன் எடுக்க வேண்டும். அளவு குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் கிட்னிக்கே நஞ்சு. சர்க்கரை நோயையும் இது புதிதாகக் கொண்டுவரலாம். பம்ளிமாஸ் பழம் சாப்பிட்டால்கூட அளவு ஏறலாம். கடைக்காரர் வேறு பிராண்டை நீட்டினால், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். மூன்று நாள் கப்பல் பயணம் என்றால் ஆறு டோஸ். கடல் சரியில்லாமல் கப்பல் தாமதமானால்? கைப்பையில் கூடுதலாக ஒரு வார மாத்திரை இருக்கட்டும்.

தொற்று அடுத்த ஆபத்து. காசநோய் இந்தியா முழுக்க உள்ள கவலை. அந்தமானுக்கு லெப்டோஸ்பைரோசிஸும் உண்டு. எலி சிறுநீர் கலந்த நீர், சேறு வழியாகப் பரவும் இந்த நோய்க்கான உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாகவே அங்குள்ள ஐசிஎம்ஆர் ஆய்வு நிலையம் இருந்திருக்கிறது. எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட ஒருவர் மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

மருத்துவமனையிடம் என்ன கேட்பது?

தேசிய அமைப்பான நோட்டோவின் அறிக்கைகளில், எத்தனை அறுவை சிகிச்சைகள் நடந்தன என்பது மாநிலவாரியாக இருக்கும். 2013-ல் நாடு முழுக்க 5,000-க்கும் குறைவு, 2023-ல் 18,000-க்கும் மேல். ஆனால் எந்த மருத்துவமனையில் செய்த கிட்னிகளில் எத்தனை ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து வேலை செய்கின்றன என்ற பட்டியலை அங்கே தேட முடியாது. தரவோடு வேலை செய்பவளாக எனக்கு இது எரிச்சலூட்டும் இடைவெளி. அதனால் நீங்களேதான் கேட்க வேண்டும்: போன வருஷம் எத்தனை செய்தீர்கள்? ஓராண்டில் எத்தனை கிட்னி போயின? தீவுக்குத் திரும்பிய நோயாளியை யார், எப்படி கவனிப்பார்கள்?

கொடுப்பவர் நீங்களாக இருந்தால்

இந்தியாவில் நடக்கும் உறுப்பு மாற்றுகளில் பெரும்பங்கு உயிருள்ளவர்கள் தருவதால் நடப்பவை. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், கணவன், மனைவி, தாத்தா-பாட்டி, பேரன்-பேத்தி ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவாகக் கொள்கிறது. எனவே அப்பாவுக்குக் கொடுக்கப்போவது நீங்களாகவே இருக்கலாம். 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வின் மதிப்பீடு: கிட்னி கொடுத்த 10,000 பேரில் வாழ்நாளில் 90 பேருக்குச் சிறுநீரகம் முழுவதுமாகச் செயலிழக்கலாம். கொடுக்காத, அதே அளவு ஆரோக்கியமானவர்களில் 14. எந்தப் பரிசோதனையும் செய்யாத பொதுமக்களில் 326.

ஆபத்து சிறியது, ஆனால் பூஜ்யம் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரையால் கிட்னி போயிருந்தால், 28 வயதில் உங்கள் ரிப்போர்ட் நார்மலாக இருப்பது 50 வயதில் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. இதை டாக்டரிடம் தனியாக, வீட்டார் இல்லாதபோது பேசுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், ஆபரேஷனுக்கு முன்புவரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கொடுத்துவிட்டால், ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் மூன்றையும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும். அப்பாவின் செக்கப் தேதிகளுக்குப் பக்கத்திலேயே உங்களுடையதையும் காலண்டரில் போட்டு வையுங்கள்.